திரையில் ஓடும் எண்ணும் என் தொடையும்: இஎம்ஜி பயோஃபீட்பேக்குடன் 14 மாதங்கள்

முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் என்ற நார் கிழிந்து அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாவது வாரம். பிசியோ என் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "தொடையை இறுக்குங்க சார்" என்றார். இறுக்கினேன். அதாவது இறுக்கியதாக நினைத்தேன். பல்லைக் கடித்தாயிற்று, மூச்சைப் பிடித்தாயிற்று, இடுப்பு மெத்தையை விட்டு எழும்பியது, மறு காலின் தொடைகூடக் கல் மாதிரி ஆனது. இறுக வேண்டிய தொடை மட்டும் தண்ணீர்ப் பை போல அப்படியே கிடந்தது. வலிக்கவும் இல்லை. வலித்திருந்தால் அதன் மேல் பழியைப் போட்டிருக்கலாம். நாற்பது வருஷமாகச் சொன்னதைக் கேட்ட ஒரு தசை திடீரென்று காது கேட்காதது மாதிரி இருந்ததுதான் பயமாகப் போயிற்று.

அடுத்த முறை அவர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார்: தசையின் மின்துடிப்பைத் திரையில் காட்டும் இஎம்ஜி பயோஃபீட்பேக் கருவி. தொடையின் உள்பக்கம், முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே, இரண்டு ஸ்டிக்கர்; கீழே எலும்பு தட்டுப்படும் இடத்தில் இன்னொன்று. வயரை மாட்டித் திரையை என் பக்கம் திருப்பினார். இறுக்கினேன், தொடையில் வெளியே ஒன்றும் தெரியவில்லை, கோடு மட்டும் லேசாகத் துள்ளியது. 9 மைக்ரோவோல்ட். விட்டால் 3. மறுபடி முயன்றால் 11. அதே ஸ்டிக்கர்களை நல்ல காலில் ஒட்டிப் பார்த்தபோது அலட்டிக்கொள்ளாமல் 230 வந்தது. மைக்ரோவோல்ட் என்றால் ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதில் 9ஐப் பார்த்து ஒருவன் கண் கலங்கினான் என்றால் சிரிப்பீர்கள். கம்பி அறுந்துவிடவில்லை, குரல்தான் சன்னமாக இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று அப்புறம்தான் படித்தேன். மூட்டுக்குள் நீர் கோத்து வீங்கினால், அங்கிருந்து போகும் உணர்வுச் செய்தி தண்டுவடத்திலேயே முன்தொடைத் தசைக்கான ஆணையை அடக்கிவிடுகிறது. 1984இல் வெளியான ஓர் ஆய்வில் நல்ல முழங்காலுக்குள்ளேயே உப்புநீரைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். 20, 30 மில்லிலிட்டர் போனதுமே உள்பக்கத் தசை அடங்க ஆரம்பித்திருக்கிறது. தொடையின் மற்ற தசைகளுக்கு அதைப் போல இரண்டு மடங்கு தேவைப்பட்டது. என் முழங்கால் அப்போது இருந்த இருப்பைப் பார்த்தால், உள்ளே எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போடவே தோன்றவில்லை.

கருவி செய்வது சின்ன வேலைதான். தசை நார்கள் சுருங்கும்போது எழும் மின்னழுத்தத்தைத் தோலின் மேலிருந்தே பிடித்து, பெரிதாக்கி, எண்ணாகவோ கோடாகவோ பீப் ஒலியாகவோ காட்டுகிறது. உடம்புக்குள் கரண்ட் பாய்ச்சாது. தசையைத் துடிக்க வைக்கும் மின்தூண்டல் கருவி வேறு, இது வேறு. சில பெட்டிகளில் இரண்டும் சேர்ந்தே வருவதால் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள் (பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மின்தூண்டலைத் தொடும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்). நேற்று முளைத்த சங்கதியும் இல்லை. 1963இலேயே ஆய்வாளர் ஜான் பஸ்மாஜியன், தசைக்குள் மெல்லிய எலக்ட்ரோடு செருகி, அதன் துடிப்பைக் காதால் கேட்கவும் கண்ணால் பார்க்கவும் வைத்தபோது, ஒரே ஒரு நரம்பணுவையும் அதன் பிடியில் உள்ள நார்களையும் மட்டும் தனியாக இயக்கவும் நிறுத்தவும் மனிதர்கள் கற்றுக்கொள்வதைக் காட்டினார். அதற்கு முன்னால் என் 230 எல்லாம் முரட்டு வேலை.

ஆறாவது வாரத்தில் வீட்டுக்கென்று ஒன்று வாங்கினேன். இரண்டு சேனல் (ஒரே நேரத்தில் இரண்டு தசைகளைப் பார்க்கலாம்), ப்ளூடூத்தில் போனோடு பேசும், ஒரு ஆப். கருவியைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை, ஸ்டிக்கரைப் பற்றித்தான் ஒரு புராணமே பாடலாம். முடி இருந்தால் ஒட்டாது, மழிக்க வேண்டும். எண்ணெயோ லோஷனோ பட்ட தோலில் ஒட்டினால் கோடு பேய் பிடித்தது மாதிரி ஆடும். ஸ்பிரிட் வைத்து நன்றாகத் துடைத்துக் காய விட வேண்டும். வியர்த்தால் பாதி உடற்பயிற்சியில் ஒரு ஓரம் கிளம்பும், அந்த நேரம் பார்த்து எண் 400க்குப் பறக்கும், நாமும் ஒரு கணம் ஏமாந்து மகிழ்வோம். சுவர் பிளக்கில் இருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் உண்டு. சார்ஜில் போட்டுக்கொண்டே உடம்பில் மாட்டாதே என்று என் கருவியின் கையேடு சொல்கிறது, பாதுகாப்புக்காக. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். ஒரே ஜோடி ஸ்டிக்கரைப் பதினைந்து தடவை ஒட்டக் கூடாது என்று அதே கையேடு சொன்னதை மட்டும் மதிக்கவில்லை, தோலில் சிவப்புத் தடிப்பு வந்து பத்து நாள் சும்மா இருக்க வேண்டியதாயிற்று.

ஒட்டும் இடம் அதைவிட முக்கியம். ஸ்டிக்கர்களின் மையத்துக்கு மையம் 20 மில்லிமீட்டர், தசை நார் ஓடும் திசையில். என் தொடையில் அழியாத மை பேனாவால் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டேன், குளிக்கக் குளிக்கப் புதுப்பித்துக்கொண்டே. காரணம் இருக்கிறது. ஒரு விரல் அகலம் தள்ளி ஒட்டினாலே 140 காட்டிய தசை 95 காட்டும், பக்கத்துத் தசையின் சத்தமும் கலந்துவிடும். இதை உணராமல் முதல் மாதம் முழுக்க ஒரு நோட்டில் தினசரி எண்ணை எழுதி, செவ்வாய்க்கிழமையைவிட புதன்கிழமை குறைந்துவிட்டது என்று ராத்திரி தூக்கம் கெட்டேன். பிசியோ அந்த நோட்டை ஒரு நிமிஷம் புரட்டிவிட்டு, மைக்ரோவோல்ட்டை நாளுக்கு நாள் ஒப்பிடாதீங்க, அன்றன்றைக்கு ஒட்டினதும் மூன்று தடவை முழு பலத்தோடு இறுக்கி, அதை நூறு என்று வைத்து, மீதியை அதன் சதவீதமாகப் பாருங்க என்றார். நோட்டை வாங்கும்போதே சொல்லியிருக்கலாம்.

ஏமாற்றும் இடங்கள் இன்னும் உண்டு. முக்கால் பலத்தில் பத்து விநாடி பிடித்து விடும் பயிற்சியில், ஐந்தாவது ஆறாவது சுற்றில் எண் தானாக ஏறும். ஆஹா, சூடு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். களைப்பு அது. நார்கள் களைத்துப்போனால் அதே விசையைத் தர உடம்பு இன்னும் அதிக நார்களைக் கூப்பிடுகிறது, அதனால் எண் கூடுகிறது. அதேபோல் மாடிப்படியில் ஏறும்போது 60 சதவீதம் காட்டிய தசை இறங்கும்போது 35தான் காட்டியது. கால் இறங்கும்போது தூங்குகிறதோ என்று பயந்தேன். நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது தசைக்குக் குறைந்த தூண்டலே போதும், நல்ல காலிலும் அப்படித்தான் என்று இரண்டாவது சேனலைப் போட்டுப் பார்த்தபின்தான் நிம்மதி. இரண்டு சேனல் உள்ளதை வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஒற்றைச் சேனலில் ஒரு காலின் எண்ணை வைத்துக்கொண்டு நல்லதா கெட்டதா என்று எதோடு ஒப்பிடுவது?

மூன்றாவது மாதம் நான் செய்த பைத்தியக்காரத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பில் இலக்குக் கோடு ஒன்று உண்டு, தாண்டினால் மணி அடிக்கும், ஒரு நட்சத்திரம் தரும். நட்சத்திரத்துக்காக ஒரு வாரம் தினமும் எழுபது எண்பது தடவை முழு பலத்தில் இறுக்கினேன். ஆறாவது நாள் முழங்கால் பூசணி மாதிரி வீங்கியது, எண் 150லிருந்து 60க்கு விழுந்தது. அந்த உப்புநீர் ஆய்வை என் சொந்தக் காலிலேயே செய்து பார்த்த மாதிரி ஆயிற்று. ஆனால் இதில் ஒரு நன்மையும் கிடைத்தது: அதன் பிறகு காலையில் முதல் மூன்று இறுக்கத்தில் நல்ல காலோடு ஒப்பிட்ட அளவு வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்திருந்தால், கண்ணுக்கு வீக்கம் தெரியாவிட்டாலும் அன்றைக்கு ஐஸ், ஓய்வு, லேசான அசைவு மட்டும். எனக்கு இது பல தடவை சரியாக வேலை செய்தது. எல்லாருக்கும் செய்யுமா என்றால் அதற்கு நான் ஜவாப்தாரி இல்லை.

பிறகு ஐந்தாவது மாதம். திரை இருந்தால் 85 சதவீதம், திரையைத் திருப்பி வைத்தால் 50. இதைக் கண்டுபிடித்தது என் மகள், விளையாட்டாகப் போனைப் பிடுங்கிக்கொண்டு "இப்ப செய்ங்கப்பா" என்றாள். தொடையில் என்ன நடக்கிறது என்று கவனிப்பதையே நான் நிறுத்திவிட்டிருக்கிறேன், எல்லாக் கவனமும் கோட்டின் மேல். இயக்கக் கற்றல் பற்றி ஆராய்ந்தவர்கள் 1980களிலேயே இதை எச்சரித்திருக்கிறார்கள்: ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் விடை சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த நேரத்தில் நன்றாகச் செய்வோம், விடையை எடுத்துவிட்டால் தடுமாறுவோம். ஆகவே முறையை மாற்றினோம். கண்ணை மூடி இறுக்க வேண்டும், எத்தனை சதவீதம் வந்திருக்கும் என்று வாயால் சொல்ல வேண்டும், அதற்குப் பின்தான் பார்க்க வேண்டும். முதல் நாள் எழுபது என்றால் நாற்பது, நாற்பது என்றால் எழுபது. மூன்று வாரத்தில் பத்துக்கு ஏழு தடவை ஓரளவு பொருந்த ஆரம்பித்தது. அப்புறம் மூன்று தடவைக்கு ஒரு முறை பார்ப்பது, அப்புறம் பத்துக்கு ஒரு முறை. இந்தக் கருவியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் இந்த மூன்று வாரம்தான் என்று நினைக்கிறேன், எந்த விளம்பரத்திலும் இதைப் பற்றி ஒரு வரி பார்த்ததில்லை.

எட்டாவது மாதம் விசையை அளக்கும் சோதனை. என் கருவிப்படி இரண்டு தொடையும் கிட்டத்தட்டச் சமம், நான் மார்தட்டிக்கொண்டு போனேன். சோதனையில் வந்தது நல்ல காலின் 74 சதவீதம். மறுபடி விளையாட்டுக்குத் திரும்ப 90 வேண்டும் என்பதைத்தான் பொதுவாக அளவுகோலாக வைக்கிறார்கள். தப்பு கருவியுடையது இல்லை, அது பலத்தை அளப்பதாகச் சொல்லவே இல்லை. தசைக்கு ஆணை போகிறதா என்றுதான் சொல்கிறது. ஆணை முழுதாகப் போனாலும் மெலிந்த தசை மெலிந்த தசைதான். தொடைச் சுற்றளவு அப்போதும் இரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தேவைப்பட்டது பாரம் தூக்குவது, லெக் பிரஸ், ஸ்குவாட், சலிக்கச் சலிக்க ஆறு மாதம். அந்த வேலையில் இஎம்ஜி எனக்கு ஒன்றும் உதவவில்லை. பன்னிரண்டாவது மாதச் சோதனையில் 91.

இடையில் கழுத்துக்கும் பயன்படுத்தினேன். கணினி முன் உட்காரும்போது தோள்பட்டை மேல்தசை எனக்கு எப்போதும் முறுக்கேறியே இருக்கும். அங்கே தலைகீழ்: எண்ணைக் குறைக்க வேண்டும், கூடினால் பீப் அடிக்கும்படி வைக்கலாம். மவுஸைத் தொட்டதுமே பீப், அவசர மின்னஞ்சலைத் திறந்தால் பீப். இரண்டு நாளில் வீட்டார் என்னை வேறு அறைக்குத் துரத்தினார்கள். ஆனாலும் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு அங்குலம் உயர்த்தினால் எண் பாதியாகிறது என்று தெரிந்துகொண்டேன், அது போதும்.

சிகிச்சை அறையில் பக்கத்துப் படுக்கையில் பக்கவாதம் வந்த ஒருவர் பாதத்தை மேலே தூக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார், அதே கருவி. அவருக்கு முதல் எண் வர ஐந்து வாரம் ஆனது. பக்கவாதத்துக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதில் ஆய்வுகள் தெளிவாக இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2007 தொகுப்பாய்வு, ஆய்வுகள் சிறியவை, வழக்கமான பயிற்சியாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. எனக்கு வேலை செய்தது என்பதை அவரிடம் சொல்லி ஆசை காட்ட எனக்கு மனம் வரவில்லை. என்னுடையது சண்டை போட்டுக்கொண்ட தசை, அவருடையது வேறு கதை.

வாங்கலாமா என்று கேட்டால்: தசை சொன்னபடி கேட்கிறது, பலம்தான் குறைவு என்றால் வேண்டாம், அந்தப் பணத்துக்கு எடைக்கற்கள் வாங்குங்கள். இறுக்கச் சொன்னால் இறுகவே மாட்டேன் என்கிறது என்றால், முதலில் சிகிச்சை அறையில் நான்கைந்து தடவை போட்டுப் பாருங்கள், எங்கே ஒட்டுவது என்று ஒருவர் கையால் தொட்டுக் காட்டட்டும். வீட்டில் சொந்தமாக வைத்துக்கொள்ள எனக்கு உண்மையில் தேவைப்பட்டது நான்கு மாதம்தான். வாடகைக்குக் கிடைத்தால் அதுவே மேல். ஆப்பில் நட்சத்திரம், மணி எல்லாவற்றையும் அணைக்க வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது இரண்டு மாதம் மேஜை டிராயரில் கிடந்தது. போன வாரம் மச்சானுக்குத் தோளில் அறுவை சிகிச்சை ஆனதும் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டிக்கர் ஜெல் எல்லாம் காய்ந்து போயிருக்கிறது, புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நோட்டுப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம் என்றும்.