நூலகப் புத்தக விற்பனை: மலிவுதான், தேறுவது எவ்வளவு?

நூலக விற்பனை மேசையில் இரண்டு வகைச் சரக்கு கலந்து கிடக்கும். ஒன்று, நூலகமே கழித்துவிட்டது. முதுகில் எண் ஒட்டி, உள்ளே முத்திரை குத்தியிருக்கும். இன்னொன்று, வாசகர்கள் நன்கொடையாகத் தந்தது. பார்வைக்கு இரண்டாவதுதான் புதுசாகத் தெரியும். படிப்பதற்கு வாங்குபவர் முதல் வகையைத்தான் முதலில் புரட்ட வேண்டும். பரபரப்பாக ஓடும் நாவலுக்கு நூலகம் பல பிரதிகள் வாங்கும். மவுசு குறைந்ததும் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். புத்தகத்தில் குறை இருக்காது. சேகரிப்பாளருக்கு மட்டும் அந்த முத்திரை ஆகாது.

எடுத்ததும் விரித்து மோந்து பாருங்கள். ஈர நெடி அடித்தால், தலைப்பு எவ்வளவு அரியதானாலும் வைத்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த ஒரு புத்தகம் ஈரப்பதம் உள்ள அலமாரியில் பக்கத்துப் புத்தகங்களையும் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் நெடி முழுக்கப் போகாது, தாள்தான் பழுக்கும்.

அடுத்தது பைண்டிங். நடுவில் மெதுவாகத் திறக்கும்போது முதுகு 'படக்' என்றால் பசை காய்ந்துவிட்டது. பாதி படிப்பதற்குள் தாள் தாளாகக் கையோடு வரும். மடிப்பின் நடுவே நூல் தெரிந்தால் தையல் கட்டு, தாராளமாக எடுக்கலாம். பிறகு பக்க எண்களை 16, 16-ஆகத் தள்ளிப் பாருங்கள். ஒரு ஃபாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடித்த 16 பக்கக் கட்டு) இரண்டு முறை வந்து அடுத்தது விடுபட்ட பிரதிகள் இங்கே கண்ணில் படும். துப்பறியும் கதையென்றால் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், படித்துவிடாதீர்கள்.

பழுப்புப் புள்ளிகள் படிப்பதற்குத் தடையில்லை. ஓரம் அப்பளமாக நொறுங்கினால் அமிலத் தாள். அதற்கு வைத்தியம் கிடையாது. இராமபாணப் பூச்சி மேலாகச் சுரண்டியிருக்கும். உருண்டை ஓட்டையும் பொடியும் இருந்தால் துளைக்கும் வண்டு. விட மனமில்லாத புத்தகமென்றால், பூச்சி சாக, காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் தாளின் மேலேயே நீர் கோக்கும்.

வரி, சட்டம், மருத்துவம், மென்பொருள் நூல்கள் பெரும்பாலும் காலாவதியானதால்தான் கழிக்கப்படுகின்றன, தொடவே வேண்டாம். அகராதி, கணிதம், இலக்கியம் ஆகியவற்றுக்கு அந்தப் பயமில்லை. பல தொகுதி நூல்களை எண்ணிப் பார்த்து எடுங்கள், நடுத் தொகுதி ஒன்று இல்லாத வழக்கம் உண்டு.

விலை போடும் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். பை ஒன்றுக்கு இவ்வளவு என்றால் பேப்பர்பேக்கும், புத்தகம் ஒன்றுக்கு என்றால் கெட்டி அட்டையும் கட்டுப்படியாகும். கிலோவுக்கு இவ்வளவு என்றால் வழவழப்பான தாளில் அச்சான படப் புத்தகம் கையைக் கடிக்கும்.

முதல் மணிநேரம் மறுவிற்பனைக்காரர்களுடையது. செல்பேசியில் பார்கோடை ஸ்கேன் செய்து, என்ன விலை போகும் என்று பார்த்து அள்ளிப் போவார்கள். 1970-க்கு முன் அச்சானவற்றில் பார்கோடு இருக்காது என்பதால் அவை பெரும்பாலும் அப்படியே நிற்கும். கடைசி நேரத்தில் விலை இறங்கலாம், ஆனால் நல்ல நாவல் அதுவரை காத்திருக்காது.

நூலக முத்திரை இருந்து 'நீக்கப்பட்டது' என்ற குறி இல்லையென்றால் பணம் கட்டுமுன் ஊழியரிடம் காட்டுங்கள். இரவல் பிரதி தவறிக் கலந்திருக்கலாம்.