அந்தமானா, லட்சத்தீவா, மாலத்தீவா: படகை வைத்து முடிவு செய்யுங்கள்

குடும்பத்தோடு ஒரு வாரம் ஏதாவது தீவுக்குப் போகலாம் என்று பேச்செடுத்தாலே இந்த மூன்று பெயரும் வந்துவிடும். மூன்று இடத்திலும் கடல் நீலம்தான், மணல் வெள்ளைதான், போட்டோவை வைத்துத் தேர்ந்தெடுக்கவே முடியாது. விமானம் இறங்கின பிறகு மிச்சமிருக்கும் கடல் தூரத்தை எப்படித் தாண்டப் போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். செலவு, நேரம், குமட்டல், அம்மா அப்பாவின் முழங்கால் எல்லாமே அதில்தான் அடங்கியிருக்கிறது.

பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து போகும் முதல் தீவுப் பயணம் என்றால் நான் அந்தமானைத்தான் சொல்வேன். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம், இந்தியர்கள் வழக்கமான சுற்றுலா இடங்களுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை, போர்ட் பிளேயரில் தமிழ் பேசியே பாதி வேலையை முடித்துவிடலாம், சைவச் சாப்பாட்டுக்கும் பிரச்சினை இல்லை. (டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம், ஸ்வராஜ் தீவு என்று இருந்தால் குழம்ப வேண்டாம், போர்ட் பிளேயரும் ஹேவ்லாக் தீவும்தான்.) அங்கிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் படகுகள் ஏசியோடு ஒன்றரை மணி நேரம் முதல் இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகின்றன, படகுத்துறையில் நேராக இறங்கி நடக்கலாம். அரசுப் படகில் கட்டணம் குறைவு, ஆனால் சீசனில் இடம் கிடைப்பது கஷ்டம்.

ஹேவ்லாக்கில் அறை பிடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிழக்குக் கரையில் விஜய்நகர் பக்கம் இருக்கும் விடுதிகள் படத்தில் அழகாகத் தெரியும், ஆனால் வற்றத்தின்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, காலைக் கிழிக்கும் பாறையும் பவளத் துண்டும் வெளியே வந்துவிடும். குளிக்க வசதியான மணல் கடற்கரை மேற்கே இருக்கும் ராதாநகர்தான். அங்கேயும் முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துவிட்டு, காவலர் சொல்லும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். இன்னொன்று, டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அதனால் காலை ஆறு மணிக்கே நாளைத் தொடங்குங்கள்.

அந்தமானில் பாராடாங் தீவின் குகைகளுக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும், நிறுத்தவும் படமெடுக்கவும் தடை. "ஆதிவாசிகளைப் பார்க்கலாம்" என்று ஆசை காட்டும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் விட்டுவிடுங்கள், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

லட்சத்தீவு விஷயம் வேறு. இந்தியராக இருந்தாலும் நுழைவு அனுமதி கட்டாயம், அது கைக்கு வராமல் லீவு போடாதீர்கள். கொச்சியிலிருந்து அகத்தி தீவுக்குச் சின்ன விமானம் உண்டு. இல்லையென்றால் கப்பல், ஓர் இரவு முழுக்கப் பயணம். சில பேக்கேஜ்களில் இரவில் கப்பலிலேயே தூங்கிவிட்டு, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்கலாம். பல தீவுகளில் கப்பல் பவளத் திட்டுக்கு வெளியே நின்றுவிடும். பக்கவாட்டுக் கதவைத் திறப்பார்கள், கீழே சின்னப் படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், அது மேலே வரும் நொடியில் இரண்டு பேர் உங்கள் கையைப் பிடித்து உள்ளே இறக்குவார்கள். முப்பது வயதில் இது கொண்டாட்டம், முழங்கால் வலி உள்ளவருக்கு முடியாத காரியம்.

ஆனால் பவளத் திட்டுக்கும் தீவுக்கும் நடுவே இருக்கும் அந்த உப்பங்கழி! இடுப்பளவுத் தண்ணீரில் தரை தெரிய, பக்கத்திலேயே ஆமை நீந்திப் போகும். 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததால் பழைய படங்களில் இருக்கும் நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். அப்படியிருந்தும் தண்ணீருக்காக மட்டும் போவதென்றால் மூன்றில் என் ஓட்டு இதற்குத்தான். மது கிடையாது, பங்காரம் தீவு மட்டும் விதிவிலக்கு.

மாலத்தீவில் விசா இலவசம், இறங்கியதும் கொடுத்துவிடுவார்கள். ரிசார்ட் விலையைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் அந்தத் தீவுக்குக் கொண்டுபோய் விடும் கடல்விமானத்தின் கட்டணத்தைக் கேளுங்கள், ஆளுக்கு நூற்றுக்கணக்கான டாலர் வரும். அதுவும் பகலில் மட்டுமே பறக்கும், மாலையில் வந்து இறங்கினால் ஓர் இரவு தலைநகர் மாலே பக்கம் தங்கியாக வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து பசுமை வரி ரிசார்ட்டில் ஆளுக்கு இரவுக்கு 12 டாலர், சின்ன விருந்தினர் இல்லங்களில் 6. இதற்கு மேல் சேவைக் கட்டணமும் சுற்றுலா வரியும் வேறு.

2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் வந்துவிட்டதால் நடுத்தரக் குடும்பத்துக்கும் வழி பிறந்திருக்கிறது. மாலேயிலிருந்து மாஃபுஷி தீவுக்கு விரைவுப் படகில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. திமிங்கலச் சுறாவோடு நீந்த ஆசையென்றால் திகுரா தீவு. நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள், ஊருக்குள் உடம்பை மூடி நடக்க வேண்டும். காலையில் சூரை மீனும் தேங்காயும் வெங்காயமும் பிசைந்த மாஸ் ஹுனியை ரொட்டியோடு தருவார்கள், சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

மூன்றுக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பள்ளி விடுமுறையை நம்பி மே கடைசியில் அந்தமானுக்கு டிக்கெட் போடாதீர்கள், சென்னையில் வெயில் கொளுத்தும்போதே அங்கே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும், படகுகளும் ரத்தாகும். எந்த மாதமாக இருந்தாலும் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேயரிலேயே தங்குங்கள், அதே நாள் காலைப் படகை நம்பி ஹேவ்லாக்கில் இருந்துவிடாதீர்கள்.