நர்ஸ் டிப்ளோம் வச்சிக்கிட்டு ஒரு வருஷம் வெளிய: ஆஸ்திரேலியாவா, கியூபெக்கா?

இங்க பிரெஞ்சுத் தீவான ரீயூனியன்ல புதுச்சேரி வழி வந்த நம்ம பிள்ளைங்க கையில பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கறதால, 35 வயசு வரைக்கும் ஆஸ்திரேலியாவோட 417 விசாவும் போடலாம், கனடாவோட பே.வே.தே.வும் (PVT) போடலாம், ரெண்டுமே ஊர் சுத்திக்கிட்டே வேலையும் பாக்கற விசா தான். நியூசிலாந்து 30 வயசோட முடிஞ்சிடும், அத விட்டுடறேன்.

விசான்னு மட்டும் பாத்தா ஆஸ்திரேலியா தான் ஈசி. கோட்டா கிடையாது, ஆன்லைன்ல போடலாம், மொரீஷியஸ் போய் அங்கிருந்து பெர்த்துக்கு ஃபிளைட் ஏறிடலாம். ஆனா விசா வேற, நர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் வேற, இதுல தான் நெறைய பேரு மாட்டிக்கறாங்க. ஐஈஎல்டிஎஸ்ங்கற இங்லீஷ் பரீட்சைல மொத்தமா 7 வாங்கணும், நம்ம டிப்ளோமுக்கு பெரும்பாலும் என்கிளெக்ஸ்ங்கற நர்ஸ் பரீட்சை கேப்பாங்க, அது முடிஞ்சா ஆஸ்திரேலியாவுக்கே போய் செய்முறைத் தேர்வு. இதெல்லாம் அங்க போய் இறங்கினப்புறம் ஆரம்பிச்சா 12 மாச விசா பேப்பர் வேலையிலயே போயிடும், அதுவரைக்கும் முதியோர் இல்லத்துல கேரர் வேலை தான், குளிப்பாட்டறது, ஊட்டறது, பொரட்டிப் படுக்க வைக்கறது. கேவலமான வேலைன்னு சொல்ல வரல, ஆனா மூணு வருஷம் படிச்சது இதுக்கா? பொதுவா ஒரே முதலாளிகிட்ட 6 மாசம் தான் வேலை பாக்கலாம்ங்கற கண்டிஷனும் இருக்கு (முதியோர் இல்லம் மாதிரி சில வேலைகளுக்கு விலக்கு உண்டு). ரெண்டாவது வருஷம் வேணும்னா 88 நாள் பண்ணை மாதிரி வேலை பாத்துக் காட்டணும், பழம் பறிக்க ஆசை இருந்தா போங்க.

கனடாவுல பிரெஞ்சு பேசற மாகாணமான கியூபெக் கதை தலைகீழ். விசா தான் கஷ்டம், பேரு குடுத்துட்டு குலுக்கல்ல வருமான்னு காத்திருக்கணும், மருத்துவத் துறைன்னா மெடிக்கல் செக்கப் முன்னாடியே முடிச்சிருக்கணும், இன்சூரன்ஸ் எத்தன மாசத்துக்கு வாங்கறோமோ அத்தன மாசத்துக்கு தான் பெர்மிட் தருவாங்க, அதனால காச மிச்சம் புடிக்கறேன்னு அதுல கை வைக்காதீங்க. முழுசா வாங்கினா 24 மாசம். நம்ம டிப்ளோமுக்கு ஃபிரான்ஸும் கியூபெக்கும் போட்ட ஒப்பந்தம் இருக்கு, பரீட்சை எழுத வேணாம், அங்க ஒரு ஆஸ்பத்திரில 75 நாள் ஸ்டாஜ், அதாவது பயிற்சி, பாஸ் பண்ணா நர்ஸ் தான். பேஷன்ட் கிட்ட பிரெஞ்சுலயே பேசிக்கலாம், அவங்க உச்சரிப்பு புடிபட கொஞ்ச நாள் ஆகும் அவ்ளோ தான். குளிரு மைனஸ் 25ன்னு பயமுறுத்துவாங்க, என்ன கேட்டா அதவிட அங்க இருக்கற கட்டாய ஓவர்டைமுக்கு தான் பயப்படணும், ஷிஃப்ட் முடிஞ்சும் வீட்டுக்கு விடமாட்டாங்க, அங்கத்த நர்ஸுங்களே அத எதுத்து போராடிக்கிட்டு இருக்காங்க.

நர்ஸாவே வேலை பாக்கணும்னா நான் கியூபெக் தான் சொல்வேன். இங்லீஷ் நல்லா வரும், ரெஜிஸ்ட்ரேஷன் இங்க இருந்தே முடிச்சிட்டு தான் விசா போடுவேன்னு பொறுமையா இருக்கறவங்களுக்கு ஆஸ்திரேலியா சரி.

கடைசியா ஒண்ணு, இங்க சென்தெனி ஊரோ சென்பியேர் ஊரோ, அரசு ஆஸ்பத்திரில பெர்மனென்ட்டா இருந்தீங்கன்னா இங்க கெடைக்கற 53 சதவீத கூடுதல் சம்பளம் ரெண்டு நாட்டுலயும் வராது. எதுக்குப் போனாலும் ராஜினாமா குடுக்காதீங்க, திஸ்போனிபிலிதேன்னு சம்பளமில்லா லீவு இருக்கு, அதுக்கு லெட்டர் குடுத்து பதில் கையில வாங்கிட்டு டிக்கெட் போடுங்க.