எல் காசாதோர் எட்டு ரியால்: கடல் தின்றது போக மிஞ்சிய வெள்ளி

1784 ஜனவரியில் மெக்சிகோவின் வெராகுரூஸ் துறைமுகத்திலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் புறப்பட்டு, போய்ச் சேராமலே மறைந்த ஸ்பானியக் கப்பல் எல் காசாதோர். அதிலிருந்து எடுக்கப்பட்ட எட்டு ரியால் வெள்ளிக்காசு ஒன்றை, சான்றிதழுடனும் மரப்பெட்டியுடனும் இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் அண்மையில் வாங்கினேன். அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூயிசியானாவில் மதிப்பிழந்து கிடந்த காகிதப் பணத்துக்கு ஈடாக ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் அனுப்பிய சுமார் 4,50,000 பெசோ (ஒரு பெசோ என்பது எட்டு ரியால்) அக்கப்பலில் இருந்தது. 1993 ஆகஸ்டில் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு மீன்பிடிப் படகின் வலை எதிலோ சிக்கி, மீனுக்குப் பதிலாகக் காசுக்கட்டிகளை அள்ளி வந்தது. படகின் பெயர் 'மிஸ்டேக்'!

காசின் மறுபக்கத்தில் அரசுச் சின்னமும், ஜிப்ரால்டர் நீரிணையைக் குறிக்கும் ஹெர்குலிஸ் தூண்களும், காசை அச்சிட்ட மெக்சிகோ அக்கசாலையைக் குறிக்கும் எம் எழுத்தும், வெள்ளியின் மாற்றுப் பார்த்த அலுவலர்களைக் குறிக்கும் இரண்டு எஃப் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன. முகப்பில் 1783 என்ற ஆண்டு தெளிவாக உள்ளது. அங்குள்ள மன்னர் உருவத்தின் மூக்குதான் மழுங்கிவிட்டது.

அச்சிட்டபோது ஏறக்குறைய 27 கிராம் இருந்திருக்க வேண்டிய காசு என் தராசில் 24.3 கிராம்தான் காட்டியது. உப்புநீரில் இரு நூற்றாண்டுக்கு மேல் கிடந்த வெள்ளியின் மேற்பரப்பு சல்பைடாகவும் குளோரைடாகவும் மாறி, அந்தப் படிவை நீக்கும்போது எடையும் குறைந்துவிடுவதால், இதற்கு விற்பனையாளர் பொறுப்பல்லர். ஆனால் எடையை எங்கும் குறிப்பிடாததும், காட்டியது மாதிரிக்காசின் படமே என்பதைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததும் முறையல்ல.

வெள்ளி விளக்கைப் போல விபூதி தொட்டுத் துலக்கிவிடலாம் என்று வீட்டில் யோசனை சொன்னார்கள். அரிப்பின் தழும்பும் எஞ்சிய கருமையும்தான் இதைக் கடலில் கிடந்த காசு என்று காட்டுகின்றன என்பதால் மறுத்துவிட்டேன்.

வெள்ளிக்காகவோ அழகுக்காகவோ வாங்குபவர்களுக்குக் கடலுக்குள் போகாத அதே ஆண்டுக் காசே மேல். கப்பலின் கதைக்காக வாங்குபவர்கள், சான்றிதழ் தனித்தாளாக இல்லாமல், நாணயத் தரச்சான்று நிறுவனம் முத்திரையிட்ட உறைக்குள் காசோடு சேர்ந்தே இருப்பதைத் தேர்ந்தெடுப்பதும், தமக்கு வரப்போகும் காசின் படத்தையும் எடையையும் முன்கூட்டியே கேட்டுப் பெறுவதும் நல்லது. திருப்பி அனுப்ப 14 நாள் அவகாசம் இருந்தும் நான் அனுப்பவில்லை.