நெற்றி விளக்கும் அதன் மின்னலும்: மூன்று ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் என் நெற்றி விளக்கின் சார்ஜ் துளை ஆடிப்போய், ஒயரை ஒரு கோணத்தில் விரலால் அழுத்திப் பிடித்தால்தான் மின்சாரம் ஏறும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. நாகர்கோவிலில் கைப்பேசி பழுதுபார்க்கும் ஒரு சிறு கடைக்கு அதை எடுத்துச் சென்றிருந்த நேரத்தில் மைத்துனர் தொலைபேசியில் அழைத்து, "அத்தான், வீட்டு வேலைக்குத் தலையில மாட்டுற லைட் ஒண்ணு வாங்கணும், உங்களோடது எப்படி?" என்று கேட்டார். நல்லது என்று தொடங்கி, வேண்டாம் என்று இடையில் மாற்றி, பிறகு பேசுகிறேன் என்று முடித்துவிட்டேன். அவருக்குச் சொல்லாமல் விட்டதையே இங்கே எழுதுகிறேன்.

இழுபடும் பட்டை, முன்னால் சாய்த்துக்கொள்ளக்கூடிய விளக்கு, உள்ளே சார்ஜ் ஏற்றக்கூடிய 18650 என்ற அளவு செல் ஒன்று, மேலே ஒரே ஒரு பொத்தான். ஒரே வார்ப்பில் எடுத்தது போன்ற இவ்வகை விளக்குகள் எத்தனையோ பெயர்களில் விற்கின்றன என்பதால் என்னுடையதன் பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. கூடவே வந்த செல்லின் மேல், அது தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவாக 9900 எம்.ஏ.எச். (மில்லிஆம்பியர்-மணி) என்று அச்சிட்டிருந்தார்கள். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அந்த உருளைக்குள் நல்ல நிறுவனங்களே ஏறத்தாழ 3500 வரைதான் அடைக்கின்றன. அந்தப் பொய்யை அப்போதே மன்னித்துவிட்டேன். எட்டு மாதத்தில் செல் தளர்ந்ததும் வேறொன்று வாங்கிப் போட்டேன், அது இன்றும் உழைக்கிறது.

இது வருமுன் கைப்பேசியைப் பல்லால் கடித்துக்கொண்டு வேலை செய்தவன் நான். சமையலறைத் தொட்டியின் அடியில் மல்லாந்து படுத்து, ஒரு கையால் குழாயையும் மறு கையால் ஸ்பானரையும் பிடித்திருக்கும்போது, பார்வை போகும் இடத்துக்கெல்லாம் வெளிச்சமும் கூடவே வருவது என்ன சுகம் என்பதை அப்படிப் படுத்தவர்களே அறிவார்கள். மின்விசிறியின் கப்பாசிட்டரை மாற்ற ஏணியில் ஏறி, மேல் கிண்ணத்தை இறக்கிவிட்டு, தூசி படிந்த உருளையின் மேல் 2.5 என்று எழுதியிருப்பதைக் கழுத்தை ஒடிக்காமல் படிக்க முடிந்தது. நான் எதிர்பார்க்காத நன்மை குறைந்த வெளிச்சத்தில் இருந்தது. கடைக்காரர்கள் பெருமையடித்துக்கொள்ளும் முழு வெளிச்சம் தென்னை உச்சியைப் பார்க்கத்தான் உதவும். ஒரு முழ தூரத்தில் உள்ள வெள்ளை பி.வி.சி. குழாயின் மேல் அது பட்டால், தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு என்ற கணக்கின்படி கண்ணைப் பறித்துவிடும். மங்கலான நிலையோ கைக்கெட்டும் வேலைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது, ஒரு முறை ஏற்றினால் வாரக்கணக்கில் வருகிறது.

நிறத்தை மட்டும் இதை நம்பிப் பார்க்கக் கூடாது. நீலம் பாய்ந்த இந்த வெள்ளையில், எங்கள் பழைய சுவிட்ச் பெட்டிக்குள் அழுக்கேறிய பச்சை ஒயரும் கறுப்பு ஒயரும் ஒன்றுபோலவே தெரிந்தன. மெயினை அணைத்து, டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகே கை வைக்கிறேன். ஐப்பசி மழை விட்ட மாலையில் மொட்டைமாடித் தொட்டியின் மிதவை வால்வைப் பார்க்கப் போனால், ஊரிலுள்ள ஈசல் எல்லாம் முகத்தை நோக்கித்தான் வரும். விளக்கு நெற்றியில் இருப்பதன் விலை அது, அதற்கு விளக்கைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

குற்றம் சொல்ல வேண்டியது அந்தப் பொத்தானை. முதல் அழுத்தில் முழு வெளிச்சம், இரண்டாவதில் மங்கல், மூன்றாவதில் மின்னல், நான்காவதில்தான் அணையும். அதாவது, எந்த நிலையிலிருந்து அணைக்க வேண்டுமென்றாலும் படபடவென்று வெட்டும் அந்த மின்னலைக் கடந்தே தீர வேண்டும். நாளுக்கு இரண்டு முறை என்று வைத்தாலும் மூன்று ஆண்டுகளில் இரண்டாயிரம் முறைக்கு மேல் என் கண்ணெதிரே மின்னியிருக்கிறது. ஒரு முறைகூட அது எனக்குத் தேவைப்பட்டதில்லை. வேலைக்கு நடுவே யாரோ கூப்பிடுகிறார்களே என்று திரும்பினால் வெளிச்சம் அவர்கள் கண்ணில் நேராக அடிக்கும். "முதல்ல அந்த லைட்ட அணைச்சிட்டுப் பேசுங்க" என்பாள் மனைவி, அணைக்கப் போனால் அவள் முகத்திலேயே மின்னும். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் குலசேகரம் நண்பர் ஒருவரைப் பார்த்துத்தான் இதை வாங்கினேன். அவருக்கும் மின்னல் எதற்கென்று தெரியவில்லை.

இது வெறும் எரிச்சலோடு நிற்பதுமில்லை. நிமிடத்துக்கு 300 சுற்று ஓடும் மூன்று இறக்கை விசிறி, நொடிக்கு 15 முறை வெட்டும் ஒளியில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் ஓர் இறக்கை இருந்த இடத்துக்கு அடுத்த இறக்கை சரியாக வந்து சேர்ந்துவிடுகிறது. விசிறிக்குக் கீழே ஏணி போட்டு நிற்பவனின் நெற்றியில் மாட்டும் பொருளில் இப்படியொரு வசதியைச் சேர்த்தவர், வாழ்நாளில் ஒரு திருகாணியையாவது முடுக்கியிருப்பாரா என்பது சந்தேகம்.

பழுதுபார்க்கும் தம்பியிடம் அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். "அது சிப்புக்குள்ளயே எழுதியிருக்கு அண்ணாச்சி, எடுக்க முடியாது. வேணும்னா பேட்டரி ஒயர்ல ஒரு சுவிட்ச் வச்சுத் தாரேன்" என்றார். துளையை மாற்றியதற்கும், செல் பெட்டியின் பக்கவாட்டில் துளையிட்டு நகத்தளவு தள்ளு சுவிட்ச் ஒன்றைப் பொருத்தியதற்கும் சேர்த்து 120 ரூபாய் வாங்கினார். இப்போது சுவிட்சைத் தள்ளினால் விளக்கு சத்தமில்லாமல் அணைகிறது. முதல் நாள் இரவு அதைத் தேவையே இல்லாமல் பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி அணைத்துப் பார்த்தேன். சுவிட்சை அணைத்தபடியே சார்ஜில் போட்டால் ஒரு துளியும் ஏறாது என்பதை மறுநாள் காலையில்தான் கண்டுகொண்டேன். பச்சை விளக்கு மட்டும் இரவு முழுவதும் ஏறிவிட்டதாகச் சாதித்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் துளை விழுந்துவிட்டதால் இனி மழையில் கொண்டுபோகவும் முடியாது.

ஆகவே மைத்துனருக்கு என் பதில், இதை வாங்க வேண்டாம் என்பதுதான். ஏற்றவும் அணைக்கவும் ஒரு பொத்தான், வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேறொரு பொத்தான் என்று இருப்பதைத் தேடி, கடையில் நான்கு முறை அழுத்திப் பார்த்துவிட்டு வாங்கட்டும். அதுவரை என்னுடையதை இரவல் தர முடியுமா, ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தருவதாக இல்லை. வேண்டுமானால் அதை மாட்டிக்கொண்டு நானே போய்ப் பரணில் ஏறுகிறேன்.