மணிவிழாக் கோப்பையும் தாம்பூலப் பையும்: பிரிண்டிங் ஆர்டர் கொடுக்கும் முன் படியுங்கள்

போன மாதம் அப்பா அம்மாவின் மணிவிழாவைக் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். வருகிறவர்களுக்கு டோர் கிஃப்ட்டாக இருவர் படமும் போட்ட கோப்பை, அதை வைத்துக் கொடுக்கப் படமும் எழுத்தும் அச்சடித்த காட்டன் பை. 120 செட். கோப்பை 9 வெள்ளி (ரிங்கிட்), பை 4 வெள்ளி, மொத்தம் 1,560 வெள்ளி. செராஸ் பக்கம் வீட்டிலேயே பிரிண்டிங் செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். "முழுப் பணத்தையும் போட்டுவிடுங்கள் அக்கா, சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்றார். போட்டுவிட்டேன்.

விழாவுக்கு முதல் நாள் இரவுதான் சாமான் வந்தது. பையைப் பிரித்ததும் வயிறு எரிந்தது. 'பெற்றோர்' என்ற சொல்லில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. 120 பையிலும் அப்படித்தான். கேட்டால், "கம்ப்யூட்டரில் தமிழ் அப்படித்தான் வரும்" என்கிறார். அது பொய். டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போட்டால் சரியாக வரும். டைப் செய்ததை அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினாலே போதும்.

படம் அதைவிட மோசம். அப்பாவின் வெள்ளை வேட்டி பையின் பழுப்பு நிறத்திலேயே இருந்தது. பையில் அவர் அடித்தது சப்ளிமேஷன், அதாவது சூட்டில் மையைப் பொருளுக்குள் ஏற்றும் முறை. அதில் வெள்ளை மை கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அந்த மை சூட்டில் ஆவியாகி பாலியெஸ்டருக்குள் இறங்கும். காட்டனில் இறங்கிப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரே சலவையில் அப்பா அம்மா முகம் நிழலாகிப் போனது. காட்டனுக்கு டிடிஎஃப் கேட்டிருக்க வேண்டும். அதில் பிலிமில் வெள்ளை மையும் சேர்த்து அச்சடித்து, பசைப் பொடி தூவி, துணியில் அழுத்தி ஒட்டுவார்கள். இல்லையென்றால் ஸ்கிரீன் பிரிண்டிங். தொழில் செய்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

கோப்பைகள் பார்க்க அழகாக இருந்தன, அதனால் மனதைத் தேற்றிக்கொண்டு கொடுத்தோம். மூன்றாம் நாள் ஈப்போவிலிருந்து பெரியம்மா போன். "கண்ணு, உங்கப்பா படம் உரிஞ்சு வருதும்மா." எங்கள் வீட்டுக் கோப்பையைச் சுடுதண்ணீரில் கழுவினேன், ஓரம் நகத்தில் மாட்டியது. சப்ளிமேஷன் என்று விலை சொல்லிவிட்டு, சாதாரணக் கோப்பையில் பிலிம் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். உண்மையான சப்ளிமேஷனுக்கு மேலே கோட்டிங் போட்ட கோப்பை வேண்டும், 180 முதல் 200 டிகிரி சூட்டில் சில நிமிடம் அழுத்த வேண்டும். படம் கோட்டிங்கோடு கலந்துவிடும், விரலால் தடவினால் ஓரமே தெரியாது. பெரியம்மா அந்தக் கோப்பையைத் தூக்கிப் போட மனமில்லாமல் சாமி மேடையில் வைத்திருக்கிறார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆர்டர் கொடுக்கும் முன் என்ன முறை, எந்தப் பொருளில் என்று கேட்டு வாட்சாப்பில் எழுதி வாங்குங்கள். ஒரே ஒரு மாதிரிக்குக் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் நாலு தடவை கழுவிப் பாருங்கள். பாதிப் பணத்துக்கு மேல் முன்பணம் வேண்டாம்.

அவர் இப்போது என் நம்பரைத் தடுத்துவிட்டார். பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுத்திருக்கிறேன். வக்கீல் தேவையில்லை. வங்கி ரசீது, வாட்சாப் பேச்சு, உரிந்த கோப்பை மூன்று, பை ஒன்று எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். விசாரணை முடிந்ததும் எழுதுகிறேன்.