பவளத் தொட்டி: எது தவறைப் பொறுக்கும், எது பொறுக்காது

வீட்டில் பவளமும் கடல் மீனும் வளர்க்கும் 40 லிட்டர் தொட்டி ஒன்றும் 300 லிட்டர் தொட்டி ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, ஏறக்குறைய கடலில் உள்ள அளவுதான். இரண்டிலிருந்தும் 2 லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. உப்பு ஆவியாகாது, தொட்டியிலேயே தங்கிவிடும். சின்னத் தொட்டியில் மிஞ்சிய 38 லிட்டரில் அதே 1,400 கிராம் உப்பு, ஆக லிட்டருக்கு 36.8 கிராம். பெரிய தொட்டியில் 35.2. பெரியதற்கு மேற்பரப்பும் பெரிதாயிற்றே, அதில் 6 லிட்டர் போகாதா என்று கேட்கலாம். போகட்டும், அப்போதும் 35.7தான்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சின்னதில் பழகிவிட்டு அப்புறம் பெரியதற்குப் போகலாம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று நாள் வெளியூர் போய்விட்டு வந்து பார்த்தால் தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. பவளப் பூக்கள், அதாவது பூப் போன்ற அதன் குட்டி உயிர்கள், எல்லாம் மூடிக் கிடந்தன. ஒரு நத்தை மல்லாந்து விழுந்து எழ முடியாமல் செத்தே போயிருந்தது. நன்னீர் மீன் வளர்க்கும்போது தண்ணீர் குறைந்தால் ஊற்றிவிட்டுப் போய்விடுவோம். இங்கே அந்தச் சின்ன அலட்சியத்துக்குக்கூட இடமில்லை. அன்றிலிருந்து எந்த இரண்டு பொருளை ஒப்பிட்டாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நான் தப்பு செய்தால் திருத்திக்கொள்ள இது எத்தனை நாள் தரும்?

அப்படிப் பார்த்தால் பெரிய தொட்டிதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் 300 லிட்டர் கடல்நீர் மட்டுமே 307 கிலோ. பாறை, மணல், கண்ணாடி, அடியில் உள்ள மேசை எல்லாம் சேர்ந்தால் 400 கிலோவைத் தாண்டும். தரை தாங்குமா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. தண்ணீர் மாற்றுவதும் லேசான வேலை இல்லை, பத்து சதவீதம் என்றாலே 30 லிட்டர் தூக்க வேண்டும். முதுகு சம்மதிக்காத தொட்டியை மனசு எத்தனை நாள் கவனிக்கும்? முதல் தொட்டிக்கு 100 முதல் 200 லிட்டர் வரை நல்ல நடுவழி. எந்த அளவாக இருந்தாலும், தண்ணீர் குறையக் குறைய நன்னீரைத் தானாக ஊற்றும் கருவியை முதல் நாளே வாங்கிவிடுங்கள். விளக்கைவிட அது முக்கியம் என்பேன்.

எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய தொட்டியா, கீழே தனி ஸம்ப் (தண்ணீர் இறங்கி, பம்ப் வழியாக மேலே திரும்பும் துணைத் தொட்டி) வைத்ததா என்ற கேள்வியும் வரும். ஸம்ப் இருந்தால் ஹீட்டர், கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர் எல்லாம் கண்ணுக்கு மறைவாக இருக்கும், மொத்தத் தண்ணீரும் கூடும். எனக்கு ஸம்ப்தான் பிடிக்கும். ஒன்று மட்டும்: கரண்ட் போனால் மேலே இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி கீழே இறங்கும். அதற்குக் காலி இடம் விடாமல் ஸம்ப்பை நிரப்பியவர்கள் நடுராத்திரியில் தரை துடைப்பார்கள். தொட்டியை நிரப்பிய அன்றே, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே, பம்ப்பை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் அதிகம் யோசிக்கவில்லை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1960களின் தொடக்கத்திலேயே கடல்நீர், உயிருள்ள பாறை, காற்றுக்குமிழ் இவற்றை மட்டும் வைத்துப் பவளம் வளர்த்துக் காட்டினார். அவருக்குச் சுத்தமான கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கரையோரத் தண்ணீரில் மழைக்குப் பிறகு உப்பு குறையும், ஓடைக் கழிவும் கலக்கும். அதனால் கடல்நீரா, பாக்கெட் உப்பா என்றால் பாக்கெட் உப்புதான். அதை எதில் கரைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழாய்த் தண்ணீரில் பாஸ்பேட், சிலிக்கேட், குளோரின், சில சமயம் செம்பு எல்லாம் இருக்கலாம். ஆர்ஓவுக்குப் பின்னால், மிஞ்சிய அயனிகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குப்பியும் உள்ள வடிகட்டி வாங்குங்கள். கரைந்த பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் தண்ணீர்தான் வேண்டும். உப்பை அளக்க, முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள். முள்ளில் ஒரு குமிழ் ஒட்டினாலே கணக்கு மாறிவிடும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் மேல், அதுவும் 35 அளவுள்ள கரைசலை வைத்துச் சரிபார்த்த பிறகு.

இனி, பாறை. உண்மையான சண்டை இங்கேதான்.

லைவ் ராக் என்பது கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் குடியேறிய பாறை. டிரை ராக் என்பது காய்ந்து கிடக்கும் பாறை, அல்லது சிமெண்ட் போன்ற பொருளில் வார்த்தது. பாறை தொட்டிக்கு அழகு மட்டும் இல்லை, அதுதான் வடிகட்டி. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று நைட்ரேட் ஆக்கும். இந்த பாக்டீரியாக்களுக்குப் பாறையின் துளைகள்தான் வீடு.

லைவ் ராக் வாங்கினால் அந்த வீட்டில் குடித்தனக்காரர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஊதா நிறப் பாசி, கடற்பஞ்சு, குட்டிப் புழுக்கள், கண்ணுக்குத் தெரியாத இறாலினங்கள் என்று ஒரு ஊரே வந்துவிடும். என் முதல் பாறையின் முன் ராத்திரி டார்ச்சோடு உட்கார்ந்து நேரம் போனதே தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கூடவே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ‘டக்’. கண்ணாடியில் யாரோ விரலால் சுண்டுவது போல. மறுநாள் ஒரு நத்தை ஓடு உடைந்து கிடந்தபோதுதான் புரிந்தது, பாறை இடுக்கில் ஒரு மாண்டிஸ் இறால் சேர்ந்தே வந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க மூன்று வாரம் ஆயிற்று. அய்ப்டேசியா என்ற பழுப்புக் கடல் சாமந்தியும் (பூ அல்ல, பவளத்துக்கு உறவான உயிர்) இப்படித்தான் வரும். அதைக் கையால் பிய்த்தால் விட்டுப்போன துணுக்கிலிருந்தே புதிதாக முளைக்கும். அப்புறம், பயணத்தில் பாதி உயிர் செத்த பாறையை நேராகத் தொட்டியில் போட்டால் அம்மோனியா ஏறும். தனி வாளியில் உப்புநீரும் ஓட்டமும் கொடுத்துச் சில வாரம் தேற்ற வேண்டும்.

பூச்சி போகட்டும் என்று பாறையை வேகவைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவு செய்து வேண்டாம். சில பொத்தான் பவளங்களில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கும். அந்தப் பாறையைக் கொதிக்கவைத்து ஆவியைச் சுவாசித்தவர்கள் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதும் ஆபத்துதான்.

டிரை ராக்கில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தண்ணீர் இல்லாமலே வாரக்கணக்கில் அடுக்கிப் பார்க்கலாம், துளையிடலாம், ஒட்டலாம். மாண்டிஸும் வராது, அய்ப்டேசியாவும் வராது. ஆனால் காலி வீட்டில் முதலில் யார் நுழைகிறார்களோ அவர்களே பட்டா போட்டுக்கொள்வார்கள். முதலில் பழுப்பு மாவு தூவியது போல டயாட்டம் என்ற நுண்பாசி வரும், அது தானே போய்விடும். பிறகு பச்சை முடிப்பாசி. மோசமானது டைனோஃபிளாஜலேட்: சளி போல நூல்நூலாக, நுனியில் குமிழ் மாட்டிக்கொண்டு தொங்கும். பாசி போகட்டும் என்று நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்குகிறவர்கள் பலருக்கு வருவதே இதுதான், போட்டி போட வேறு பாசி மிஞ்சாததால். இந்த அசிங்கமான காலம் மாதக்கணக்கில் நீளலாம். பலர் பொழுதுபோக்கையே விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

என் தேர்வு: முக்கால்வாசிக்கு மேல் டிரை ராக், கூடவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நம்பகமான தொட்டியிலிருந்து ஒரு துண்டு பாறையும் ஒரு கைப்பிடி மணலும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். மீனைப் போட்டுத் தண்ணீரைப் பழக்குவது கொடுமை. அம்மோனியம் குளோரைடு கரைசல் சில சொட்டு விட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று சோதியுங்கள். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம்.

ஸ்கிம்மரா, பாசி வளர்க்கும் அறையா, வெறும் தண்ணீர் மாற்றமா? கடற்கரையில் அலை ஒதுக்கும் நுரையைப் பார்த்திருப்பீர்கள், ஸ்கிம்மர் செய்வது அதையேதான். நுண்ணிய குமிழ்களின் மேற்பரப்பில் கரிமக் கழிவு ஒட்டிக்கொண்டு மேலேறி, குப்பியில் தேநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் வடியும். வாசனையை நான் சொல்ல மாட்டேன். தண்ணீரில் காற்றும் கலப்பதால் பெரிய தொட்டிக்கு இது வேண்டும். கீட்டோமார்ஃபா பாசி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சும், ஆனால் புதுத் தொட்டியில் அதற்குச் சாப்பாடே இருக்காது, பிறகு சேர்த்தால் போதும். 60 லிட்டருக்குள் என்றால் வாரம் ஒருமுறை பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினாலே இரண்டும் தேவைப்படாது.

விளக்கில் மெட்டல் ஹாலைடு சூட்டை நினைத்தாலே வேண்டாம் என்று தோன்றும். டி5 என்ற மெல்லிய ஃப்ளோரசன்ட் குழல்கள் நிழல் விழாமல் சீராக வெளிச்சம் தரும், ஆனால் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும். எல்இடி நீண்ட நாள் வரும், நிறத்தையும் அளவையும் திருகலாம். அந்தத் திருகும் வசதிதான் அதன் ஆபத்தும்கூட. முதல் நாளே முழு வெளிச்சம் வைத்தால் பவளத்தின் உள்ளே குடியிருக்கும் பாசிகள் வெளியேறி, பவளம் எலும்பு போல வெளுத்துவிடும். மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, வாரங்களாக ஏற்றுங்கள்.

பவளத்தில் மூன்று கட்சி. மென்பவளங்கள் தண்ணீரில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் வளரும். பெரிய பூக்கள் உள்ள கல்பவளங்களுக்குக் கவனம் வேண்டும். அக்ரோபோரா போன்ற சிறு பூக்கள் உள்ளவற்றுக்கு அல்கலினிட்டி, அதாவது அமிலத்தைத் தாங்கும் தண்ணீரின் திறன், ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதன் அளவு 8 டிகேஹெச் என்றால் எட்டு, ஒன்பது என்றால் ஒன்பது. எந்த எண் என்பதைவிட அது ஆடாமல் இருப்பதே முக்கியம். முதல் வருடம் அக்ரோபோரா பக்கமே போகாதீர்கள். மென்பவளங்களும் முழுச் சாது அல்ல. ஸீனியா வேகமாகப் பரவிப் பாறையையே மூடும், தோல்பவளம் தண்ணீரில் ரசாயனம் விட்டுப் பக்கத்துக்காரரை வாட்டும். கல்பவளமான யூஃபிலியா பகலில் பூச்செண்டு மாதிரி ஆடும், ராத்திரியில் நீளமான கொடுக்குக் கைகளை நீட்டும், எனவே சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். கடலிலிருந்து உடைத்த பெரிய பவளத்தைவிடத் தொட்டியில் வளர்த்த சின்னத் துண்டு மேல். அது விளக்குக்கும் தொட்டித் தண்ணீருக்கும் பழகியது. கல்பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைடிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை, அதனால் காகிதம் இல்லாமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

மீனிலும் அதே கதை. தொட்டியில் பிறந்த கோமாளி மீன் முதல் நாளே உலர் தீனி தின்னும், மனிதரைக் கண்டு ஒளியாது. கடலில் பிடித்தது பசியோடும் ஒட்டுண்ணியோடும் வரலாம். இரண்டு குட்டிகளை ஒன்றாக வாங்கினால் போதும், எல்லாம் ஆணாகத் தொடங்கி, பெரியது பெண்ணாகிவிடும். அதற்குக் கடல் சாமந்தி வேண்டுமே என்று உடனே அதையும் வாங்கிவிடாதீர்கள். சாமந்தி நடக்கும். நடந்து போய் பம்ப்பில் மாட்டிக்கொண்டால் ஒரே ராத்திரியில் தொட்டியில் உள்ள உயிரெல்லாம் செத்துப்போகலாம். கோமாளிக்கு அது இல்லாமலும் குறை ஒன்றுமில்லை.

நீல டாங் மீன் 2016இல் முதன்முதலாக வளர்ப்புத் தொட்டியில் பெருக்கப்பட்டது என்ற செய்தி மகிழ்ச்சிதான், ஆனால் அது 30 சென்டிமீட்டர் வரை வளரும், உங்கள் தொட்டிக்கு ஆகாது. எந்த மீனாக இருந்தாலும் சில வாரம் தனித் தொட்டியில் வைப்பதா, நேரே போடுவதா என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை, தனித் தொட்டிதான். வெண்புள்ளி நோய்க்கு மருந்து செம்பு. அது பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும் என்பதால் பவளத் தொட்டிக்குள் போடவே முடியாது.

கடைசியாக, மாண்டரின் மீன். பட்டுப்புடவை போல இருக்கும், பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். அது பாறையில் ஊரும் காபிபாட் என்ற மிகச் சிறிய ஓட்டுடலிகளைக் கொறித்துக்கொண்டே வாழ்வது, புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். தொட்டிக்கு ஒரு வயது ஆகட்டும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து கண்ணாடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் ஓடினால், அன்றைக்குக் கடைக்குப் போகலாம்.